விண்மீனை ஒரு கரும்புள்ளியால் மறைத்துவிட்டால் பக்கத்துக் கோள் தெரியாதா?

வாசகர் கேள்வி – பிப்ரவரி 2, மாலை 6.30

எதிரே வரும் வண்டியின் விளக்கு கூசினால் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சாலையைப் பார்க்கிறோம். தொலைநோக்கிக்குள் விண்மீனின் பிம்பம் விழும் இடத்தில் ஒரு கரும்புள்ளியை ஒட்டிவிட்டால், அதைச் சுற்றும் கோள் தெரிந்துவிடாதா? வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை, அதாவது புறக்கோள்களை, இதுவரை 6000க்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் நேராகப் படம் எடுத்தவை மட்டும் ஏன் இவ்வளவு சொற்பம்? பெரிய தொலைநோக்கி கட்டினால் தீர்ந்துபோகிற சிக்கல்தானே இது?

பிப்ரவரி 2, இரவு 9.15

கரும்புள்ளி நல்ல தொடக்கம். பெர்னார் லியோ என்ற பிரெஞ்சு வானியலாளர் 1930களின் தொடக்கத்தில் அதைத்தான் செய்தார். முழுச் சூரிய கிரகணத்தன்று மட்டுமே தெரியும் கொரோனாவை, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தை, சாதாரண நாளிலும் பார்க்க விரும்பி, பிக் டு மிடி மலையுச்சிக்கு ஒரு கருவியைக் கொண்டுபோனார். சூரியனின் பிம்பத்தின் மேல் ஒரு வட்டை வைத்து மறைத்தார். கொரோனாகிராஃப் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இன்று விண்மீன்களை மறைக்கும் கருவிக்கும் அதே பெயர்.

ஆனால் புள்ளி மட்டும் போதாது. விண்மீனின் பிம்பம் தொலைநோக்கிக்குள் ஒரு புள்ளியாக விழுவதில்லை. ஆடியின் விளிம்பில் ஒளி வளைவதால் நடுவே ஒரு சிறு வட்டும், அதைச் சுற்றி வளையத்துக்கு மேல் வளையமும் உண்டாகும். வெளியே போகப்போக வளையங்கள் மங்கும், அற்றுப்போவதில்லை. கோள் அந்த வளையங்களின் நடுவில்தான் இருக்கிறது.

கூடவே எண்களையும் பாருங்கள். நம் சூரியக் குடும்பத்தை வெளியிலிருந்து கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் பார்த்தால், வியாழன் சூரியனில் 100 கோடியில் ஒரு பங்கு ஒளியுடன் தெரியும். பூமி 1000 கோடியில் ஒரு பங்கு. 10 ஒளியாண்டு தள்ளி நின்றால் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே தெரியும் இடைவெளி 0.1 விகலை. ஒரு பாகையில் 3600 விகலை.

பிப்ரவரி 2, இரவு 9.50

மேலே ஒரு எண் தவறு. 0.1 விகலை என்பது 10 பார்செக் தொலைவுக்கு, அதாவது 32.6 ஒளியாண்டுக்கு. 10 ஒளியாண்டிலிருந்து பார்த்தால் இடைவெளி சுமார் 0.33 விகலை. அவசரத்தில் அலகை மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 4

பெரிய தொலைநோக்கி பற்றிய பகுதிக்கு இப்போது வருகிறேன். ஆடி பெரிதானால் வளையங்கள் நெருக்கமாகச் சுருங்கும். அதனால் விண்மீனுக்கு இன்னும் அருகே பார்க்க முடியும். ஒளியும் கூடுதலாகச் சேரும். இரண்டும் தேவைதான். ஆனால் விண்மீனின் ஒளியும் அதே விகிதத்தில் கூடுகிறதே! 1000 கோடிக்கு ஒன்று என்ற விகிதம் ஆடியின் அளவால் மாறாது.

லியோவின் உண்மையான கெட்டிக்காரத்தனம் கரும்புள்ளியில் இல்லை, அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இதை நானே வெகுகாலம் கவனிக்காமல் விட்டிருந்தேன். பிம்பத்தின் நடுவை வெட்டியதும் மிச்சமிருக்கும் விண்மீன் ஒளி பின்னால் எங்கே போகிறது என்று அவர் பார்த்தார். இன்னொரு வில்லையை வைத்து, தொலைநோக்கியின் வாயின் பிம்பத்தையே ஒரு திரையில் விழச் செய்தால், அந்த மிச்ச ஒளி வாயின் ஓரத்தில் ஒரு பிரகாசமான வளையமாகத் திரண்டு நிற்கும். நடுப்பகுதி இருண்டிருக்கும். அந்த இடத்தில் சற்றே சிறிய துளையுள்ள தடுப்பை வைத்தால் வளையம் அடிபட்டுப்போகும். கோளின் ஒளி கொஞ்சம் சாய்வாக வருவதால் கரும்புள்ளியில் மாட்டாமல், இந்தத் துளை முழுக்கச் சமமாகப் பரவி, பெரும்பகுதி தப்பிவிடும். முதல் தடுப்பு விண்மீனைப் பாதிதான் மறைக்கிறது. இரண்டாவது தடுப்பு வந்த பிறகே வேலை முடிகிறது.

1984இல் பிராட்ஃபோர்டு ஸ்மித்தும் ரிச்சர்டு டெரிலும் லாஸ் காம்பனாஸில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியில் இத்தகைய கருவியைப் பொருத்தி, பீட்டா பிக்டோரிஸ் என்ற விண்மீனைச் சுற்றியுள்ள தூசித் தட்டைப் படம் எடுத்தார்கள். விளிம்புப்பக்கமாகத் தெரியும் ஒரு மெல்லிய கோடு. அதற்குள் கோள் இருக்கும் என்று அப்போதே பலர் நினைத்தார்கள். இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பிப்ரவரி 7

கேள்வி கேட்டவர் தன்னிடம் சிறு தொலைநோக்கி இருப்பதாக எழுதியிருக்கிறார். அப்படியானால் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு இந்த விஷயம் புரிந்தது புத்தகத்தால் அல்ல, இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸால்.

சிரியஸுக்கு ஒரு துணை உண்டு, ஒரு வெண்குறுமீன், அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன். சிரியஸின் பொலிவெண் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) -1.46, துணையின் பொலிவெண் 8.44. ஏறக்குறைய 9000 மடங்கு வித்தியாசம். இப்போது இரண்டுக்கும் இடைவெளி 11 விகலைக்கு அருகில், அதாவது அதன் 50 ஆண்டுச் சுற்றில் மிக விலகி நிற்கும் காலம் இது. பெசல் 1844இல் சிரியஸின் தள்ளாட்டத்தை வைத்தே துணை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். 1862இல் ஆல்வன் கிரஹாம் கிளார்க் புதிதாகச் செய்த 18.5 அங்குல வில்லையைச் சோதிக்கும்போது அது கண்ணில் பட்டது.

என்னிடம் இருப்பது 25 சென்டிமீட்டர் ஆடியுள்ள டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி. 8.4 பொலிவெண் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அதைவிடப் பல மடங்கு மங்கலான விண்மீன்களைச் சர்வசாதாரணமாகக் காட்டும். அதனால் முதல் குளிர்காலத்தில் மிகுந்த நம்பிக்கையோடு உட்கார்ந்தேன். சிரியஸைச் சுற்றி ஒளிப்பிழம்பு. துணை ஆடியைத் தாங்கும் நான்கு தகடுகளால் நான்கு ஈட்டிகள். காற்று அசையும்போதெல்லாம் பொறி பறக்கிறது. பத்து இரவுகள் போயின. பதினோராவது இரவில், ஒரு ஈட்டிக்குச் சற்றுத் தள்ளி, கூர்மையான சிறு புள்ளி. தெளிவாக, அசையாமல் நின்றது. என் குறிப்பேட்டில் நேரத்தோடு வரைந்து வைத்தேன். அந்த மகிழ்ச்சியில் தூக்கமே வரவில்லை.

மறுநாள் இரவு அதே புள்ளி அதே இடத்தில் இருந்தது. சும்மா ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லைக் குழலை, கொஞ்சம் திருகிப் பார்த்தேன். புள்ளியும் கூடவே சுற்றியது.

வானத்தில் இருக்கும் ஒன்று ஐபீஸோடு எப்படிச் சுற்றும்? அது வில்லைகளுக்கு இடையே பட்டுத் தெறித்த சிரியஸின் ஒளி. என் கருவியே எனக்கு ஒரு துணையைச் செய்து கொடுத்திருந்தது, அதுவும் நான் எதிர்பார்த்த அளவில், எதிர்பார்த்த தூரத்தில்.

அடுத்த ஆண்டுதான் உண்மையாகப் பார்த்தேன். தொலைநோக்கியின் வாயில், நடுவே அறுகோணமாக வெட்டிய அட்டையைப் பொருத்தினேன். வட்டத் துளை எல்லாத் திசையிலும் வளையங்களைச் சிதறடிக்கும். அறுகோணமோ அந்த ஒளியைத் திரட்டி ஆறு ஈட்டிகளாக அனுப்பிவிடும். ஈட்டிகளுக்கு இடையே ஆறு இருண்ட ஆப்புகள். அட்டையைச் சுழற்றி, கிழக்கு வடகிழக்குத் திசையில் ஒரு இருண்ட ஆப்பு வரும்படி வைத்தேன். காற்று நின்ற ஒரு கணத்தில் துணை அங்கே இருந்தது. தொலைநோக்கியை அசைக்காமல் விட்டு, சிரியஸ் பார்வைப் புலத்தின் மேற்கு ஓரத்தில் மறையும்வரை காத்திருந்தேன். சிரியஸ் மறைந்ததும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் அந்தச் சிறு வெண்புள்ளி மட்டும் தனியாக நின்றது, பிறகு அதுவும் போயிற்று. பத்துப் பன்னிரண்டு முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஐபீஸைத் திருகினேன். புள்ளி அசையவில்லை.

பிப்ரவரி 8

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க: ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் விண்மீன்களுக்கு ஆறு பெரிய ஈட்டிகள் இருப்பது இதே காரணத்தால்தான். அதன் 18 ஆடித் துண்டுகளும் அறுகோணங்கள். கிடைமட்டமாகத் தெரியும் இரண்டு சிறிய ஈட்டிகள் துணை ஆடியைத் தாங்கும் கால்களால் வருபவை. வேண்டாத இடத்துக்கு ஒளியைத் தள்ளிவிட்டு வேண்டிய இடத்தை இருட்டாக்கும் இதே எண்ணத்தை ஆய்வாளர்கள் கணினியால் பல படி மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். ரோமன் விண்வெளித் தொலைநோக்கிக்காகக் கட்டிய கொரோனாகிராஃபில் அப்படி வடிவமைத்த வாய்த்தட்டுகள் இருக்கின்றன. பார்த்தால் விசித்திரமான கோலம் போல இருக்கும்; ஒவ்வொரு வெட்டும் ஏதோ ஒரு திசையில் இருட்டை உண்டாக்குவதற்காக.

பிப்ரவரி 12

சிதறல் ஒளி பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறார்கள். இந்த இழையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

மேலே சொன்ன வளையங்கள் எல்லாம் ஆடி குறையே இல்லாமல் இருந்தால் வருபவை. உண்மையான ஆடியில் நெளிவு உண்டு. ஆடியின் குறுக்கே மிக மெல்லிய அலை ஒன்று ஓடுகிறது என்று வையுங்கள். ஐந்து மேடு, ஐந்து பள்ளம். அந்த அலை விண்மீனின் ஒளியில் ஒரு பகுதியைக் கிள்ளி எடுத்து, பிம்பத்தின் இருபுறமும் இரண்டு புள்ளிகளாகப் போடும். எங்கே போடும் தெரியுமா? தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணத்தைப் போல ஐந்து மடங்கு தள்ளி. அந்தப் புள்ளியின் வடிவம் விண்மீனின் வடிவமேதான். கோளும் அதே வடிவில்தான் தெரியும். உருவத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை.

ஆடியில் ஒரு அலை மட்டுமா ஓடுகிறது? ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அதனால் விண்மீனைச் சுற்றிப் பொய்க்கோள்களாகவே நிறைந்திருக்கும். ஆங்கிலத்தில் இவற்றை ஸ்பெக்கிள் என்பார்கள். நான் போலிப்புள்ளி என்று எழுதுகிறேன்.

அந்த அலையின் உயரம் எவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். 550 நானோமீட்டர் ஒளியில், போலிப்புள்ளி பூமியைப் போல 1000 கோடியில் ஒரு பங்கு ஒளியோடு நிற்க வேண்டுமானால், ஆடிப் பரப்பில் அலையின் உயரம் ஒரு பிக்கோமீட்டருக்கும் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) சற்றுக் குறைவு. ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவே சுமார் 100 பிக்கோமீட்டர். விடையை நம்பாமல் இரண்டு முறை திரும்பப் போட்டேன். அதேதான் வந்தது.

அப்படி ஒரு ஆடியை யாராலும் தேய்த்து எடுக்க முடியாது. அதனால் நெளியும் ஆடியை வைக்கிறார்கள். பின்னால் ஏராளமான சிறு தள்ளிகள். ஒவ்வொன்றும் ஆடியைத் தன் இடத்தில் நூலிழைக்கும் குறைவாகத் தள்ளும், இழுக்கும். ஒரு போலிப்புள்ளி தெரிகிறதா? அதை உண்டாக்கிய அலைக்கு நேர் எதிரான அலையை ஆடியில் எழுப்பு. ஒளி ஒளியை அழித்துவிடும். இப்படி ஒவ்வொன்றாக அழித்து, விண்மீனுக்கு அருகே இருண்ட பள்ளம் ஒன்றைத் தோண்டுகிறார்கள். ரோமன் கருவியில் இத்தகைய ஆடிகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 48க்கு 48 தள்ளிகள். குறுக்கே 48 தள்ளிகள் இருந்தால் 24 அலைகள் வரைதான் எழுப்ப முடியும். ஆகவே பள்ளத்தின் வெளி எல்லையும் அங்கேயே நின்றுவிடும்.

தரையில் உள்ள தொலைநோக்கிகளுக்குக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. சிலியில் விஎல்டி தொலைநோக்கியின் ஸ்ஃபியர் கருவியில் 1377 தள்ளிகள் நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் ஆடியைத் திருத்துகின்றன. ஜெமினி தொலைநோக்கியின் கருவியில் 4096 தள்ளிகள் கொண்ட நுண்ணாடி. ஜெமினி கருவி 2013இலும் ஸ்ஃபியர் 2014இலும் முதன்முதலாக வானத்தைப் பார்த்தன.

பிப்ரவரி 13

ஒருவர் சரியாகப் பிடித்தார்: "சிரியஸ் துணையைப் பார்த்ததையும் பூமி போன்ற கோளைப் பார்ப்பதையும் ஒரே தட்டில் வைக்கலாமா?" வைக்க முடியாது. என் 25 சென்டிமீட்டர் ஆடி பிரிக்கும் சிறு கோணம் சுமார் 0.45 விகலை. சிரியஸின் துணை அதைப் போல 25 மடங்கு தள்ளி நிற்கிறது. 6 மீட்டர் விண்வெளித் தொலைநோக்கிக்கு 32.6 ஒளியாண்டில் உள்ள பூமி ஐந்து மடங்குதான் தள்ளி நிற்கும். ஒளி வித்தியாசமோ 9000 எங்கே, 1000 கோடி எங்கே! என் அனுபவம் சிக்கலின் இயல்பைக் காட்டும், அளவைக் காட்டாது.

பிப்ரவரி 16

ஐபீஸைத் திருகிய கதையைக் கேட்டு, "தொழில்முறைக் கருவியிலும் இப்படிச் செய்வார்களா?" என்று ஒரு கேள்வி. செய்கிறார்கள்! இதை முதன்முதலில் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

பெரிய தொலைநோக்கிகள் என் டாப்சோனியனைப் போலவே மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புபவை. அப்படிப்பட்ட தொலைநோக்கி ஒரு விண்மீனைப் பின்தொடரும்போது, கருவியைப் பொறுத்து வானம் மெதுவாகச் சுழலும். சாதாரணமாக அந்தச் சுழற்சியை ஈடுகட்டக் கருவியைத் திருப்புவார்கள். கிறிஸ்டியன் மாருவா குழு 2006இல் வெளியிட்ட முறையில் அதை ஈடுகட்டாமல் விட்டுவிடுகிறார்கள். மணிக்கணக்கில் படங்கள் எடுக்கிறார்கள். ஆடியின் குறையால் வந்த போலிப்புள்ளிகள் எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் நிற்கும். கோள் மட்டும் விண்மீனைச் சுற்றி ஒரு வில்லாக நகரும். நிற்பதையெல்லாம் கழித்துவிட்டு, படங்களை நிமிர்த்தி அடுக்கினால் கோள் மிஞ்சும்.

ஹெச்ஆர் 8799 என்ற விண்மீனைச் சுற்றும் மூன்று கோள்களை 2008இல் அறிவித்ததும் இதே முறையால்தான். கெக், ஜெமினி தொலைநோக்கிகள். 2010இல் நான்காவதும் சேர்ந்தது. அதைவிட எனக்கு வியப்பு, 2009இல் லஃப்ரெனியே குழு செய்தது: ஹப்பிள் 1998இல் எடுத்துக் கிடப்பில் போட்டிருந்த படங்களைப் புது முறையில் கழித்துப் பார்த்தார்கள். வெளிப்புறக் கோள் அதில் இருந்தது. பத்தாண்டுகளாக எல்லோர் கையிலும் இருந்த படம் அது.

பீட்டா பிக்டோரிஸ் கோளும் இப்படித்தான் வந்தது. 2003இல் விஎல்டி எடுத்த படங்களில் விண்மீனின் ஒரு பக்கம் ஒரு புள்ளி. 2008இல் அதை அறிவித்தபோது கோளா, பின்னால் இருக்கும் விண்மீனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2009இல் அது மறுபக்கத்துக்கு வந்துவிட்டது. பின்னணி விண்மீன் அப்படிச் சுற்றாது. அத்தோடு ஐயம் தீர்ந்தது.

இந்த முறையின் குறை: விண்மீனுக்கு மிக அருகில் இருக்கும் கோள், அதே சுழற்சியில் மிகச் சிறிய தூரமே நகரும். அதனால் கழிக்கும்போது கோளும் தன்னையே கழித்துக்கொள்ளும். நமக்கு மிகவும் வேண்டிய இடத்தில்தான் இது கைகொடுக்காமல் போகிறது.

பிப்ரவரி 21

"இவ்வளவு தொல்லை எதற்கு, தொலைநோக்கிக்கு வெளியே வெகுதூரத்தில் ஒரு குடையைப் பறக்கவிட்டு விண்மீனை மறைத்தால் என்ன?" என்று கேள்வி கேட்டவரே திரும்பி வந்திருக்கிறார். லைமன் ஸ்பிட்சர் 1962இலேயே இதை எழுதியிருக்கிறார். ஸ்டார்ஷேடு என்பார்கள். விண்மீனின் ஒளி தொலைநோக்கிக்குள் நுழையவே நுழையாது. நுழையாத ஒளி ஆடியின் நெளிவில் போலிப்புள்ளி போடவும் முடியாது.

ஆனால் வட்டக் குடை உதவாது. 1818இல் பிரெஞ்சு அறிவியல் அகாதெமியில் ஃபிரெனல் ஒளியை அலை என்று வாதிட்டபோது, பொய்சான் அதை மறுக்க ஒரு கணக்குப் போட்டார்: ஒளி அலையானால் வட்டத் தட்டின் நிழலின் நட்டநடுவில் ஒரு பிரகாசமான புள்ளி இருக்க வேண்டும், இது அபத்தம் அல்லவா என்றார். அராகோ சோதித்தார். புள்ளி இருந்தது. அந்தப் புள்ளி சரியாக நம் தொலைநோக்கி நிற்கும் இடத்தில் விழும். அதனால் குடையைச் சூரியகாந்தி போலக் கூரிய இதழ்களோடு செய்ய வேண்டும். விளிம்பு திடீரென்று முடியாமல் படிப்படியாகத் தேய வேண்டும். வெப்ஸ்டர் கேஷ் 2006இல் அத்தகைய வடிவம் ஒன்றைக் கணக்கிட்டுக் காட்டினார்.

ஹேபெக்ஸ் என்ற திட்ட ஆய்வில் குடையின் குறுக்களவு 52 மீட்டர், தொலைநோக்கியிலிருந்து தூரம் 76,600 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் இருந்தும் பக்கவாட்டில் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் விலகலாம். அடுத்த விண்மீனைப் பார்க்க வேண்டுமானால் குடை நாள்கணக்கில் பயணம் செய்தாக வேண்டும்.

பறக்கும் குடை வெறும் கனவல்ல என்பதற்கு ப்ரோபா-3 இருக்கிறது. 2024 டிசம்பரில் ஏவப்பட்ட இரட்டை விண்கலங்கள். ஒன்று 1.4 மீட்டர் தட்டைத் தாங்கி, 150 மீட்டர் பின்னால் வரும் மற்றதற்குச் செயற்கைச் சூரிய கிரகணம் காட்டுகிறது. லியோ மலையுச்சியில் தொடங்கியதன் தொடர்ச்சி.

பிப்ரவரி 22

நேற்று எழுதிவிட்டு யோசித்தேன். குடைதான் சரியான வழி என்று பல ஆண்டுகள் உறுதியாக இருந்தவன் நான். இப்போது அந்த உறுதி தளர்ந்துவிட்டது. குடையால் தெரிந்த ஒரு கோளை நிதானமாக ஆராயலாம். ஆனால் எங்கே கோள் இருக்கிறது என்று நூறு விண்மீன்களைத் துழாவ வேண்டிய கட்டத்தில், ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் காத்திருக்க முடியாது. துழாவலுக்குக் கொரோனாகிராஃப்தான்.

மார்ச் 1

ஃபோமல்ஹாட் என்ற விண்மீனைப் பற்றி எழுதாமல் இந்த இழையை விட எனக்கு மனமில்லை.

2008 நவம்பரில், ஹெச்ஆர் 8799 வந்த அதே வாரம், பால் கேலஸ் குழு ஹப்பிளின் கொரோனாகிராஃப் எடுத்த படத்தை வெளியிட்டது. 25 ஒளியாண்டு தொலைவு. பெரிய தூசி வளையம், நடுவில் மறைக்கப்பட்ட விண்மீன், வளையத்தின் உட்புறம் ஒரு சிறு புள்ளி. 2004 படத்துக்கும் 2006 படத்துக்கும் இடையே அது நகர்ந்திருந்தது. அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன்.

போலிப்புள்ளி அல்ல அது. கருவியின் குறையும் அல்ல. வானத்தில் உண்மையாகவே இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இவ்வளவு பிரகாசமாக இருக்கும் பெருங்கோள் அகச்சிவப்பிலும் தெரிய வேண்டும். ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி தேடியது, கிடைக்கவில்லை. பிறகு 2014 ஹப்பிள் படங்களில் புள்ளியே இல்லை. 2020இல் காஷ்பாரும் ரீக்கியும் எல்லாப் படங்களையும் ஒன்றாகப் பார்த்து, அது பெருத்துக்கொண்டே மங்கியிருக்கிறது என்று காட்டினார்கள். இரண்டு பெரும் பாறைகள் மோதி எழுந்த தூசி மேகம் என்பது அவர்கள் விளக்கம்.

படத்தைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு விண்மீனைச் சுற்றி மோதல் நடந்து, அதன் தூசி பரவுவதை ஆண்டுக்காண்டு பார்த்தது சிறிய விஷயமா? ஆனால் அதன் பிறகு எந்தப் புதுப் படத்தையும் இரண்டாம் ஆண்டுப் படம் வரும்வரை நான் கோள் என்று எழுதுவதில்லை. பக்கத்து விண்மீனான ஆல்ஃபா சென்டாரி ஏயின் கதையும் அப்படித்தான் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் ஒரு புள்ளியைக் கண்டது. 2025இல் இரண்டு முறை திரும்பப் பார்த்தபோது கிடைக்கவில்லை. விண்மீனுக்கு மிக நெருங்கிய பகுதிக்குள் போயிருக்கலாம் என்கிறார்கள். போயிருந்தால் வெளியே வரும். நான்கு ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோள்! மிகவும் ஆசையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 3

இதுவரை எடுத்த படங்களில் பூமி போன்றது ஏன் ஒன்றுகூட இல்லை என்று கேட்டவருக்கு: படம் எடுக்க முடிந்தவை பெரும்பாலும் இளம் பெருங்கோள்கள். பிறந்த சூடு இன்னும் ஆறாதவை. ஹெச்ஆர் 8799இன் கோள்கள் வியாழனைப் போலப் பல மடங்கு நிறை கொண்டவை. வெப்பநிலை சுமார் 1000 கெல்வின். அகச்சிவப்பில் தாமாகவே ஒளிர்வதால் வித்தியாசம் லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. பூமிக்கும் இது பொருந்தும்: 10 மைக்ரான் அலைநீளத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்று. ஆனால் அலைநீளம் கூடினால் பிம்பமும் அதே விகிதத்தில் வீங்கும். ஆகவே மிக அருகே இருப்பது கலங்கிவிடும்.

குளிர்ந்த கோளும் வந்துவிட்டது. 12 ஒளியாண்டில் உள்ள எப்சிலான் இண்டி ஏ விண்மீனின் கோளை ஜேம்ஸ் வெப் படம் எடுத்ததாக 2024இல் அறிவித்தார்கள். வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ். விண்மீனின் தள்ளாட்டத்தை வைத்து எதிர்பார்த்த இடத்தில் அது இல்லை, வேறு இடத்தில் இருந்தது. அதைப் பார்த்த மிரி கருவியில் கரும்புள்ளி இல்லாத கொரோனாகிராஃப் ஒன்று உண்டு: நான்கு கால்பகுதிகளாகப் பிரித்த தெளிந்த தட்டு. எதிரெதிரான இரண்டு கால்பகுதிகள் ஒளியை அரை அலை பின்தள்ளும். நட்டநடுவில் விழும் விண்மீனின் ஒளி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்; ஓரமாக விழும் கோளின் ஒளி தப்பும். கோள் அந்தக் கால்பகுதிகளின் எல்லைக்கோட்டில் மாட்டிக்கொண்டால் மங்கிவிடும் என்பது ஒரு தொல்லை.

மார்ச் 9

ஒளித்துகள் கணக்குக் கேட்டிருந்தார்கள். 32.6 ஒளியாண்டில் உள்ள பூமியின் பொலிவெண் ஏறத்தாழ 30. 6 மீட்டர் ஆடி, 100 நானோமீட்டர் அகல நிறப்பட்டை என்று எடுத்துக்கொண்டால், பூமியிலிருந்து மூன்று, நான்கு நொடிக்கு ஒரு ஒளித்துகள் ஆடியை எட்டும். வழியில் உள்ள தடுப்புகளும் வடிகட்டிகளும் பத்தில் ஒன்பதைத் தின்றுவிட்டால், அரை நிமிடத்துக்கு ஒன்று. அதே நொடிகளில் விண்மீனிலிருந்து நொடிக்குச் சுமார் 300 கோடி வந்து விழுந்துகொண்டிருக்கும். ரோமன் கருவியின் உணரி ஒளித்துகளைத் தனித்தனியாக எண்ணும் வகை என்பது வீம்புக்கு அல்ல.

படமே இல்லாமல் கோளைப் பிடிக்கும் வழியும் இருக்கிறது. கிராவிட்டி என்ற கருவி விஎல்டியின் நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து, கோள் இருக்கும் இடத்தில் ஒரு ஒளியிழையின் வாயைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. 2019இல் ஹெச்ஆர் 8799இன் நான்காவது கோளை அப்படித்தான் அளந்தார்கள். இதற்குத் தனி இழை தொடங்க வேண்டும். இங்கே அடைத்தால் பிதுங்கும்.

மார்ச் 10

அறுகோண அட்டையை எப்படி வெட்டுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆடியின் குறுக்களவுக்கு ஒரு வட்டம் வரையுங்கள். கவராயத்தின் விரிவை மாற்றாமல் அதே ஆரத்தால் வட்டத்தில் ஆறு புள்ளிகள் குறித்து இணையுங்கள். உட்பக்கத்தை வெட்டி எடுங்கள். வெட்டு சுத்தமாக இருக்க வேண்டும்; பிசிறு இருந்தால் ஆப்புகளுக்குள் ஒளி சிதறும், என் முதல் அட்டை அப்படித்தான் வீணானது. ஈட்டிகள் பக்கங்களுக்குச் செங்குத்தாக நீளும், மூலைகள் நோக்கிய திசையில் இருட்டு இருக்கும். ஆகவே ஒரு மூலையைத் துணை இருக்கும் திசைக்குத் திருப்புங்கள். சிரியஸ் உச்சிக்கு வரும் நேரம் நல்லது. அடிவானத்தில் இருக்கும்போது முயல வேண்டாம். புள்ளி தெரிந்தால் முதலில் ஐபீஸைத் திருகிப் பாருங்கள், பிறகு அட்டையை 30 பாகை திருப்பிப் பாருங்கள், பிறகு இங்கே எழுதுங்கள்.